வெளியூர் ஆளு யாரும் வரலை

— இசக்கிதுரை அண்ணாச்சி எப்பவும்போல ஆட்டோவுலருந்து மில்லு கேட்டுலயே அரிசி மூட்டையை இறக்கிட்டுப் போயிருப்பாவளே. நீங்க எதுக்கு பாயம்மா இந்தச் சேத்துல நடந்து வந்தீங்க?

— நாந்தான் ஆட்டோவை அங்கனயே நிறுத்தச் சொன்னேன் வெயிலு. இன்னைக்கி நானே உள்ள போறேன்னுட்டேன். மூணு வாரமாச்சில்லா ஒம் மொகத்தைப் பாத்து. நேத்துப் பேஞ்ச மழையில கரிசல் செருப்போட ஒட்டிக்கிட்டு ஆளையே கீழ இழுக்குது. இந்தா பாரு, ரெண்டு செருப்பையும் கையிலல்லா தூக்கிட்டு வாரேன்.

— அய்ய, முழங்கால் வரைக்கும் சேறு. இருங்க, தண்ணி மோந்துட்டு வாரேன்.

— வேண்டாம்மா. குடிக்கத் தண்ணியை வச்சிக்கோ. தெருக்குழாயில பிடிக்க விடுதாவளா இப்ப?

— விடுதாவ. நாங்க பன்னி அம்புட்டையும் கொன்னு பொதைச்ச மறுநாளே விட்டுட்டாவ. கொடத்தை வரிசையில வைக்கக்கூடாது, எல்லாரும் பிடிச்சி முடிச்ச பொறவு கடைசியாப் பிடிச்சிக்கிடணும், அவ்வளவுதான். டீக்கடையிலயும் டீ குடுக்குதாவ, பேப்பர் கப்புல. ‘இப்பத்தாம்ப்பா ஒங்க ஆளுகளுக்குப் புத்தி வந்திருக்கு’ன்னு எங்க வீட்டு ஆள்ட்ட சிரிச்சிக்கிட்டே சொன்னாவளாம், பாத்துக்கிடுங்க.

— அழகிரிசாமி அதுக்கு என்ன சொன்னான்?

— அவிய இப்ப யார்ட்டயும் பேசுததில்ல. டீயை வாங்கி ரோட்டோரமா ஊத்திட்டு வந்துட்டாவ.

— அல்லாவே! இப்ப எங்க இருக்கான்? உள்ள படுத்திருக்கானா?

— அன்னா பாருங்க, தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம், வேலிக்கருவைக்கு நடுவுல மண்ணு மேடாத் தெரியுதுல்லா, அங்கன உக்காந்திருக்காவ. வெடிஞ்சதும் போவாவ, பொழுது சாய வருவாவ. எங்க வீட்டுப் பன்னி மட்டும் பத்தொம்பது உருப்படி அதுக்குள்ள கெடக்கு. மழை பேஞ்சா மண்ணு இறங்குதுல்லா, அதை அள்ளி அள்ளிப் போட்டுக்கிட்டு இருக்காவ. வேலைக்கிப் போகச் சொன்னா கேக்குத மாதிரி இல்ல.

— மாடத்தியையும் அந்தப் பக்கந்தானா...?

— இல்ல, அவ சுடுகாட்டுல, எங்களுக்குன்னு ஒதுக்கியிருக்க மூலையில. ஆஸ்பத்திரியில பிளாஸ்டிக்குல சுத்தித்தான் குடுத்தாவ. ஆழமா வெட்டச் சொல்லி, வெள்ளைப் பவுடரைக் கொட்டி மூடச் சொன்னாவ. அது அவிய முறையாம், குத்தஞ்சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா தங்கச்சி மொகத்தை எங்க வீட்டு ஆளு பாக்கலை. அவ புருசன் மாயகிருஷ்ணன் பாக்கலை. ஆறு மாசம் வயித்துல. மேல மண்ணு விழுதப்ப மாயகிருஷ்ணன் ‘வயித்துப் பக்கம் மெதுவாப் போடுங்க, மெதுவாப் போடுங்க’ன்னு சொல்லிக்கிட்டே நின்னான். அது ஒண்ணுதான் பாயம்மா என் காதைவிட்டுப் போவ மாட்டங்குது.

— போதும் வெயிலு. என்னால கேக்க முடியல.

— நீங்க கேட்டீங்க, சொன்னேன்.

— பெருநாளைக்கி மறுநாள் அவ மவுத்தாயிட்டான்னு சேதி வந்துச்சி. அன்னையிலருந்து தெனமும் கெளம்புவேன். சேலையை மாத்துவேன், முக்காட்டை இழுத்து விட்டுக்குவேன், வாசல்ல நின்னுட்டு உள்ள திரும்பிருவேன். என்ன செய்ய?

— ஒங்களையும் அந்தப் பன்னிக்காய்ச்சல் பிடிச்சிரும்னு பயந்திருப்பீங்கன்னு பேசிக்கிட்டோம். அதுல தப்பில்ல. சாமானை அனுப்பிட்டுத்தானே இருந்தீங்க, ஒரு வாரங்கூட நிக்கலையே.

— அந்தப் பயமில்ல. அது வேற.

— நில்லாதீங்க, இந்தக் கட்டைல உக்காருங்க. சாக்கை மடிச்சிப் போடுதேன். சுத்தமான சாக்குதான், இன்னைக்கித்தான் தொவைச்சேன்.

— எனக்கு எதுக்குச் சாக்கு? வெறுந்தரையில உக்காந்தா ஆகாதா? நீயும் உக்காரு. ஒண்ணு கேக்கணும். எங்க வீட்டுக்காரரும், பருப்பு குடுக்காவள்லா சோலைச்சாமி அண்ணாச்சி, அவியளும் சேந்து ஒரு யோசனை வச்சிருக்காவ. இனிமே பன்னிய வளக்க ஊருக்குள்ள விடமாட்டாவ. அதனால குடும்பத்துக்கு ரெண்டு ஆட்டுக்குட்டி வாங்கிக் குடுத்திரலாம்னு. பள்ளிவாசல்ல நாலஞ்சி பேரு ஒத்துக்கிட்டாவ. நீ என்ன சொல்லுத?

— ஆடா?

— ஆமாட்டி. வெள்ளாடு.

— ஆட்டை எங்கன மேய்க்க? சுத்தி எல்லாம் வெள்ளாமை செய்யுத சம்சாரிய புஞ்சை. இப்பத்தான் பருத்தியும் உளுந்தும் மொளைச்சி வருது. வரப்புல நாங்க நடந்து போனாலே கல்லைக் கையில எடுக்காவ. ஆட்டைப் பிடிச்சிக்கிட்டுப் போனா விடுவாவளா? பன்னின்னா யாரு காட்டையும் நம்பி இல்ல பாத்துக்கிடுங்க. ஊரு கழிச்சிப் போட்டதைத் தின்னுச்சி. அதை நாங்க தின்னோம். அதுக்கே அம்புட்டுப் பேச்சு.

— சரி, அதைப் பொறவு பேசிக்கிடுவோம். ஒன் மவ காளீஸ்வரி எங்க?

— பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கா. திங்கக்கிழமையிலருந்து சேத்துக்கிட்டாவ. தனி பெஞ்சுதான். போவ மாட்டேன்னு அழுதா. ‘போட்டி’ன்னு அதட்டி அனுப்பிட்டேன். அங்கன மத்தியானம் சோறு போடுவாவல்லா.

— நீ தெம்பா இருக்க வெயிலு. நானா இருந்தா படுத்திருப்பேன்.

— தெம்பு என்ன தெம்பு! ஒங்களாலதான் எந்திரிச்சி நடமாடுதோம். நா பொய் சொல்லலை. ஆவணி மாசத்தை நெனச்சிப் பாருங்க. டிவியில அந்தக் காய்ச்சலைச் சொல்ல ஆரம்பிச்சி நாலு நாளுதான். கறிக்கு உருப்படி எடுக்க வருத ஆளு நின்னுட்டாரு. வீடு வீடா வாய்க்கா அள்ளப் போன பொம்பளைகளைக் கேட்டுக்கு வெளியவே நிறுத்தி, வராதீங்கன்னுட்டாவ. குழாயில கை வைக்காதன்னாவ. காளீஸ்வரியை வகுப்புல எந்திரிச்சி நிக்க வச்சி, ‘ஒங்க வீட்ல பன்னி வளக்காவளா?’ன்னு ஒரு கேள்வி, அவ்வளவுதான், பையைத் தூக்கிட்டு வந்துட்டா. பதினோரு குடும்பம். தொய்யக்கீரையை அவிச்சி உப்புப் போட்டுத் தின்னோம். அதுவும் எத்தனை நாளைக்கி?

— அப்பங்கூட நான் கேட்டேன், பன்னியவாச்சும் அறுத்துத் தின்னுருக்கலாம்லா, புள்ளைய பசியாறியிருக்குமேன்னு. எனக்கு ஆகாதது ஒங்களுக்கு ஆகும்லா.

— அறுக்க விடலையே. அறுத்தா ரத்தத்துலருந்து காய்ச்சல் பரவும்னு யாரோ சொல்லிட்டாவ. பத்துப் பேரு கம்போட வந்து, ஒண்ணை அறுத்தாலும் குடிசையோட ஊரைவிட்டுக் கெளப்பிருவோம்னு சொல்லிட்டுப் போனாவ. எங்க வீட்டு ஆளு நடையா நடந்து ஒரு ஆபீசுல போயி மனுக் குடுத்தாவ. நாங்க காட்டுநாயக்கரு, மலைசாதிப் பட்டியல்ல இருக்கோம், நெவாரணம் ஏதும் உண்டான்னு கேட்டிருக்காவ. அங்கன இருந்தவரு ஜன்னல் வழியாக் கையைக் காட்டி, ‘காட்டுநாயக்கன்னா காடு எங்கப்பா? கரிசலும் கருவேலமுந்தானே தெரியுது’ன்னு கேட்டாராம். எல்லாரும் சிரிச்சாவளாம். சான்று இல்லாம ஒண்ணும் நடக்காதுன்னுட்டாரு. எங்க பாட்டன் பூட்டன் எந்தக் காட்டுலருந்து எறங்குனாவன்னு எங்களுக்கே தெரியாது. அவருக்கு எங்கனருந்து காட்ட?

— அன்னைக்கி எனக்கு மூணாவது நோம்பு. பின்வாசல் வாய்க்கா நாறிக் கெடக்கு. வெயிலு ஒரு வாரமா வரலையேன்னு பாக்கத்தான் வந்தேன். வெறுங்கையோட வரவேண்டாம்னு பள்ளிவாசல்ல வாங்குன கஞ்சியை ஒரு தூக்குச்சட்டில எடுத்துட்டு வந்தேன். ஒரு சட்டிக் கஞ்சி. அதை நீ பதினோரு வீட்டுக்கும் பங்கு வச்ச பாரு, ஆளுக்கு ரெண்டு மடக்கு, அதைப் பாத்துக்கிட்டே நின்னேன். வீட்டுக்குத் திரும்பிப் போயி நோம்பு தொறக்க ஒக்காந்தவ கஞ்சியைத் தள்ளி வச்சிட்டேன். எங்க வீட்டுக்காரரு என்னன்னு கேட்டாவ. சொன்னேன். எனக்குப் பேரீச்சம்பழமும் தண்ணியும் போதும், என் பங்கையும் நாளைக்கி அங்கன கொண்டு போன்னாவ.

— முத்து முகம்மது அண்ணாச்சி நல்ல மனுசன். கடைக்கி முன்னால நாங்க போனாக்கூட ‘தள்ளிப் போ’ன்னு சொன்னதில்ல.

— பொறவுதான் வீட்டுக்கு ஒரு கை அரிசின்னு கேக்க ஆரம்பிச்சேன். மொதல்ல எங்க தெரு, பொறவு பஜாரு, பொறவு தீப்பெட்டி ஆபீசுக்குப் போற புள்ளைய. அதுகதான் கேட்ட ஒடனே குடுத்துச்சி. யாருக்குன்னு கேட்டவியகிட்ட ஏழைகளுக்குன்னுட்டேன். எந்த ஏழைன்னு கேட்டவியகிட்டதான் மாட்டிக்கிட்டேன். பெரியவரு ஒருத்தரு எங்க வீட்டுக்கே வந்துட்டாரு. நோம்புக் கஞ்சிய பன்னி மேயுற எடத்துக்குக் கொண்டு போறியாமேன்னாரு. ஆமா, பன்னிக்குக் குடுக்கல, புள்ளைகளுக்குத்தான் குடுக்கேன்னேன். அவரு வந்த வழியே போயிட்டாரு. மறுநாளு அவரு மருமவ ஒரு படி அரிசி குடுத்து விட்டா.

— அதைத்தான் நா சொல்லுதேன். அம்புட்டுப் பேச்சையும் வாங்கிக்கிட்டு வந்தது நீங்க ஒருத்திதான். எங்களை மனுசரா எண்ணி வாசப்படி ஏறுன ஒரே ஆளு நீங்கதான் பாயம்மா.

— அப்படிச் சொல்லாத வெயிலு.

— ஏன் சொல்லக்கூடாது? மாடத்தி என்ன சொன்னா தெரியுமா? பொண்ணு பெறந்தா பாயம்மா பேரைத்தான் வைப்பேன்னா. பதருன்னிசா. அவ வாயில அது நொழையவே இல்ல. ‘பதரு... பதரு’ன்னு சொல்லிச் சொல்லிப் பாத்துச் சிரிப்பா.

— அல்லாவே... வாயை மூடிக்கோ. ஒன்னைக் கும்பிடுதேன். அதைச் சொல்லாத.

— என்ன பாயம்மா, ஏன் அழுவுதீங்க? நா தப்பா ஏதும் சொல்லிட்டேனா?

— நீ தப்பாச் சொல்லல. கேளு. முந்தாநாளு நர்ஸ் சுதாராணி கடைக்கி வந்தா. இங்கன வந்து எல்லாருக்கும் மாத்திரை குடுத்து, பேரு எழுதிட்டுப் போனாள்லா, அவதான். அவகிட்ட நான் பேச்சுக் குடுத்தேன். இந்தக் காய்ச்சலுக்கும் பன்னிக்கும் பேருதாங்க்கா ஒண்ணு, பன்னிகிட்டருந்து இங்க ஒருத்தருக்கும் வரல, மனுசங்கிட்டருந்து மனுசனுக்குத்தான் பரவுது, இருமுனா தும்முனாப் போதும்னு சொன்னா. அப்படின்னா இவியளுக்கு யாருகிட்டருந்து வந்துச்சின்னேன். அதாங்க்கா புரியல, வெளியூரு போயிட்டு வந்த ஆளு யாரும் அங்கன வந்தாவளான்னு ஒவ்வொரு வீட்லயும் கேட்டேன், வெயிலம்மாதான் முன்னால நின்னு ‘வெளியூர் ஆளு யாரும் வரலை’ன்னு சொன்னா, மத்தவியளும் அதையே சொல்லிட்டாவன்னா. அப்படியா சொன்ன?

— ஆமா. சொன்னேன்.

— ஏன் அப்படிச் சொன்ன?

— கேட்டாவ, சொன்னேன். அவ கையில நோட்டு வச்சிருந்தா. ஆபீசுக்காரவ நோட்டுல எதையாச்சும் எழுதுனா அது எங்க பொழப்புல வந்துதான் விடியும். இல்லைன்னு சொல்லிட்டாப் பேச்சு முடிஞ்சிச்சில்லா.

— அப்பம் ஒனக்குத் தெரியாதா? நெசமாவே தெரியாதா?

— என்னத்தை?

— எப்படிச் சொல்லுவேன்... எம் மவன் அஃப்ஜல். பூனாவுல பை கடையில வேலை பாக்கான்னு சொல்லியிருக்கேன்லா. பெருநாளைக்கி லீவு போட்டுட்டுப் பதினெட்டாவது நோம்பு அன்னைக்கி வந்து எறங்குனான். மூக்கு ஒழுகுச்சி, லேசா இருமல். ரயில்ல காத்துப் பட்டிருக்கும்னு நெனச்சேன். அன்னைக்கின்னு பாத்து கஞ்சி பெரிய சட்டி நெறைய. எனக்கு இடுப்பு வலி. நீ தூக்கிட்டு வாடா மவனேன்னு நாந்தான் கூட்டிட்டு வந்தேன். அவனும் ஆசையா வந்தான். நாலு நாளு வந்தான். இங்கன நின்னு, குனிஞ்சி குனிஞ்சி, அவந்தான் எல்லாருக்கும் ஊத்துனான்.

— ம்.

— அஞ்சாவது நாளு பூனாவுலருந்து போனு. அவன் கூட ரூம்ல இருந்த பையனை அந்தக் காய்ச்சலுன்னு ஆஸ்பத்திரியில சேத்திருக்காவளாம், நீயும் போயிக் காட்டிக்கோன்னு. அவனை வீட்டுக்குள்ள வச்சிப் பூட்டுனேன். யார்ட்டயும் மூச்சு விடல. வெளிய தெரிஞ்சா வீட்டு மேல நோட்டீசு ஒட்டிருவாவ, கடைக்கி ஒரு ஈ காக்கா வராது. நிக்காஹ் பேசிக்கிட்டிருக்க பொண்ணு வீட்டுல வேண்டாம்னுருவாவ. இதைத்தான் வெயிலு நெனச்சேன். என் வீடு, எங் கடை, எம் மவன். இங்கன பதினோரு வீடு இருக்கு, அதுல ஒரு வயித்துப்புள்ளக்காரி இருக்கா, அவியகிட்ட ஓடிப் போயிச் சொல்லணும், மாத்திரை வாங்கிக் குடுக்கணும்னு எனக்குத் தோணல. தோணுச்சி. தோணாம இல்ல. தோணுனதை அமுக்கிட்டேன். மறுநாளு நான் மட்டும் கஞ்சியைத் தூக்கிட்டு வந்து, சிரிச்சிக்கிட்டு ஊத்திட்டுப் போனேன்.

— ம்.

— மூணு நாளு கழிச்சி இங்கன ஏழு பேருக்குக் காய்ச்சல்னு சேதி வருது. எங்க தெருவுல எல்லாரும் பாத்தியா, பன்னின்னு சொன்னோம்லாங்காவ. நான் வீட்டுக்குள்ள ஒரு மூலையில ஒக்காந்து தஸ்பீ மணியை உருட்டிக்கிட்டிருக்கேன். என் நோம்பை அல்லா எடுத்துக்கிடுவானா சொல்லு.

— அந்தத் தம்பி இப்ப எப்படி இருக்காவ?

— என்னது?

— ஒங்க மவன். காய்ச்சல் நின்னுட்டா?

— நின்னுட்டு... அவனுக்கு ரெண்டே நாளு. எந்திரிச்சி நல்லாச் சாப்பிட்டான். பூனாவுக்குப் போயிட்டான். அவன்கிட்ட நான் ஒண்ணும் சொல்லல. மாடத்தி மவுத்தானது அவனுக்குத் தெரியாது.

— தெரிய வேண்டாம். சின்ன வயசு. நெஞ்சுல தாங்காது.

— என்னட்டி நீ! என்னை வையி. மண்ணை வாரி எறி. என் தலைமுடியப் பிடிச்சி இழு. இப்படி ஒக்காந்து எம் மவனை விசாரிச்சிக்கிட்டிருக்கியே!

— வைஞ்சா என்ன ஆவும்?

— எனக்கு ஆவும். எனக்காவது கொஞ்சம் ஆவும்.

— ஒங்களுக்கு ஆவுததுக்காவ நா வைய முடியாது பாயம்மா. எனக்கு அதுக்குச் சீவனில்ல.

— சரி. நீ வைய வேண்டாம். நான் போயி அழகிரிசாமிகிட்டச் சொல்லுதேன். அந்த மேட்டுக்கே போறேன். ஒன் தங்கச்சியைக் கொன்னது பன்னியில்லப்பா, நாந்தான்னு அவன் காலடியில ஒக்காந்து சொல்லுதேன். அவன் வெட்டுனாலும் வெட்டட்டும்.

— எந்திரிக்காதீங்க.

— விடு கையை. அவனுக்குத் தெரியணும்.

— உக்காருங்கன்னு சொல்லுதேன்லா! அவிய அந்தப் பன்னிகளை எப்படிக் கொன்னாவன்னு ஒங்களுக்குத் தெரியுமா?

— ஊர்க்காரவ சுத்தி நின்னாவன்னு கேள்விப்பட்டேன்.

— நின்னாவ. மில்லுச் சுவத்து மேல ஏறி உக்காந்து செல்போன்ல படம் பிடிச்சாவ. ஆனா கொல்லச் சொல்லி அன்னைக்கி ஒருத்தரும் வற்புறுத்தலை. மாடத்தியைப் பொதைச்ச மூணாம் நாளு, இவியளாத்தான் எந்திரிச்சி சுருக்குக் கம்பியை எடுத்தாவ. எங்க பேச்சுல பன்னியைப் பந்திம்போம். ‘என் தங்கச்சியைத் தின்ன பந்தி எனக்கு வேண்டாம்’னாவ. ஒவ்வொண்ணாப் பேரு சொல்லிக் கூப்பிட்டாவ. பேரைச் சொன்னா வந்துருமே. தவிடு வைக்கத்தான் கூப்பிடுதாவன்னு ஓடி ஓடி வந்துச்சி. மொட்டைவாலுன்னு ஒண்ணு, சினையா இருந்துச்சி. அதைக் கடைசிக்கி வச்சிட்டாவ. அதைக் கூப்பிட வாய் வரலை, கம்பியைப் பிடிச்சிக்கிட்டு நிக்காவ. அதுவாவே வந்து அவிய கால்ல மூஞ்சியைத் தேச்சிச்சி. அதையும் முடிச்சாவ. முடிச்சிட்டு அன்னைக்கி மூடுன வாயை இன்னும் தொறக்கலை. இப்ப நீங்க போயி, பன்னி இல்ல, வேற காரணம்னு சொல்லப்போறீங்களா? சொன்னா, செத்த தங்கச்சி எந்திரிச்சி வருவாளா? அந்தப் பத்தொம்பதும் வருமா? இப்பவாச்சும் மண்ணள்ளிப் போட்டுக்கிட்டு உசுரோட உக்காந்திருக்காவ. நீங்க சொன்னா அந்தத் தண்டவாளந்தான் பக்கத்துல இருக்கு, பாத்துக்கிடுங்க.

— அல்லாவே... அதுவும் என் கணக்குலதானே வெயிலு. அவனைப் பன்னியக் கொல்ல வச்சதும் நாந்தானே.

— இல்ல. அதுக்கு முந்துன நாளு அவிய எங்கிட்டத்தான் கேட்டாவ. ‘வெயிலு, பந்தியாலதான் இருக்குமா?’ன்னு. மொகத்தையே பாத்துக்கிட்டு கேட்டாவ. ஆமான்னேன்.

— நீ அறியாமச் சொன்னது. ஊரே அதைத்தானே சொல்லிச்சி.

— அறிஞ்சிதான் சொன்னேன்.

— என்னட்டி சொல்லுத?

— பன்னியோட பெறந்து பன்னியோட வளந்தவ நா. அதுக்குச் சீக்கு வந்தா எனக்குத் தெரியாதா? அதுக பாட்டுக்கு நல்லாத்தானே மேஞ்சிக்கிட்டுக் கெடந்துச்சி. எங்களை ஊரு ஒதுக்கி வச்சி ஒரு மாசம், ஒரு குஞ்சும் இங்கன எட்டிப் பாக்கலை, ஒருத்தருக்கும் ஒரு தும்மலில்ல. வந்தது நீங்க. பொறவு ஒங்க மவன். இதைக் கண்டுபிடிக்கப் படிப்பா வேணும்?

— அப்பம்... அந்த நர்ஸ்கிட்ட...

— தெரிஞ்சிதான் சொன்னேன், வெளியூர் ஆளு யாரும் வரலைன்னு. எங்க வீட்டு ஆளு கேட்டப்பவும் தெரிஞ்சிதான் சொன்னேன். ஒங்க மவன் பேரைச் சொன்னா இங்கன இருக்க ஆம்பளைய ஒங்க வீட்டு வாசலுக்கு வருவாவ. பொறவு எந்த அரிசி வரும், எந்தப் பருப்பு வரும்? படுத்துக் கெடக்க மத்த ஆறு பேருக்கு யாரு கஞ்சி ஊத்துவா? பன்னின்னு சொன்னா பன்னியோட போயிரும்னு நெனச்சேன்.

— என் காரியத்தை மறைக்கவா நீ இம்புட்டும் செஞ்ச? எனக்காவ?

— ஒங்களுக்காவ இல்ல பாயம்மா. தம்பி சட்டியைத் தூக்கிட்டு வந்த மொத நாளே, துண்டை வாயில பொத்திக்கிட்டு இருமுனதை மாடத்தி பாத்துட்டா. ‘நா போவ மாட்டேன் மதினி, அவிய இருமுதாவ, வயித்துல புள்ளைய வச்சிக்கிட்டு பயமா இருக்கு’ன்னு குடிசைக்குள்ள போயி உக்காந்துக்கிட்டா. நாந்தான் அவ கையில கிண்ணத்தைத் திணிச்சி, நாம மொகத்தைச் சுளிச்சோம்னு தெரிஞ்சா நாளைக்கிக் கஞ்சி வராதுட்டின்னு சொல்லி, பிடிச்சி வெளிய தள்ளுனேன்.